காணாப் பொருள் இரண்டு

கண்ணால் காண்பதும், கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவதும் அறிவுக்கு வாயில்கள் என்று தமிழ் நூலோர் வகுத்தனர். முன்னதைக் காட்சி அளவை என்றும், பின்னதைக் கருதல் அளவை என்றும் வழங்கினர். மலைமேல் புகை எழக் கண்டவன் அங்கே நெருப்பு உண்டு என்று துணிகிறான். நெருப்பை அவன் கண்டானில்லை. ஆயினும் அவன் துணிவு பொய்ப்பதில்லை. அடுக்களையில் புகையையும் நெருப்பையும் ஒருங்கே பன்முறை கண்ட பழக்கம் அவனுக்கு உண்டு என்பதே அதன் காரணம்.

இனி வேறொரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். புகை மட்டும் தெரிகிறது. நெருப்பு என்னும் பொருளை உலகில் எவரும் ஒருகாலும் கண்டதில்லை. அப்போதும் 'நெருப்பு உண்டு' என்று சொல்லலாமா? சொன்னால் அதை மெய்ப்பிப்பது எங்ஙனம்? இருபதாம் நூற்றாண்டின் விஞ்ஞானம் பலமுறை இந்நிலையில் நின்றது. 1964-ஆம் ஆண்டில் அத்தகைய காணாப் பொருள்கள் இரண்டைப் பற்றிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒன்று, மூலத்துகள்களுக்கு நிறை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் ஒளிந்திருந்தது. மற்றொன்று, மனிதக் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவின் உடலுக்குள் மறைந்திருந்தது. இவ்விரண்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆனால் இரண்டு வழக்கிலும் ஒரே மனிதர் இடம் பெற்றார். முதலாவதற்குச் செல்லும் வழியை அவர் 'இல்லை' என்றார். இரண்டாவதை 'உண்டு' என்று பிடித்துக் காட்டினார். அவர் வால்ட்டர் கில்பர்ட்.

சலாமின் மாணவர்

கில்பர்ட் 1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிற் பிறந்தவர். ஹார்வர்டுப் பல்கலைக் கழகத்தில் இரசாயனமும் பௌதிகமும் பயின்று 1953-இல் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் அப்துஸ் சலாமின் மாணவராகி, 1957-இல் டாக்டர் பட்டம் பெற்றார். சலாம் பஞ்சாபில் ஜங் என்னும் ஊரில் வளர்ந்து, லாகூரிலும் கேம்பிரிட்ஜிலும் கற்றவர். மாணவரைவிட ஆறே வயது மூத்தவர்.

ஆசிரியரும் மாணவரும் அந்நாளில் ஆராய்ந்தது துகள்களின் மோதலைப் பற்றிய கணிதம். மெசான் என்னும் துகள், அணுக்கருவிலுள்ள புரோட்டானோடு மோதிச் சிதறுகிறது. மோதும் கணத்தில் உள்ளே நிகழ்வது யாதென எவராலும் காண இயலாது. எறிந்தது எத்தனை, சிதறியது எத்தனை, எத்திசையில் என்பவை மட்டுமே அளக்கத் தக்கவை. ஆயினும் 'காரணத்தைக் காரியம் முந்தாது' என்னும் ஒரே விதியைக் கணித வடிவில் அமைத்தால், அவ்வளவுகளிடையே சில உறவுகள் கட்டாயம் இருந்தே தீர வேண்டும் என்று வருவிக்கலாம். உள்ளே காணாமலே உள்ளே நிகழ்வதற்கு எல்லை கட்டும் கலை இது. கருதல் அளவையின் மிக நுண்ணிய வடிவம் என்றே இதைக் கூறலாம்.

கில்பர்ட் ஹார்வர்டுக்குத் திரும்பி, புகழ்பெற்ற பௌதிக அறிஞர் ஜூலியன் சுவிங்கரிடம் ஓராண்டு துணைவராக இருந்தார். அதன்பின் அப்பல்கலைக் கழகத்திலேயே பௌதிகத் துறை உதவிப் பேராசிரியரானார். அறிவுலகில் நல்ல இடம்; நிலையான பணி; எண்ணிக்கையில் குறைந்த வல்லுநரே நடக்கக் கூடிய பாதை. அப்பாதையிலிருந்து அவர் விலகியது எதன் பொருட்டு என்பதை அறிய, முதலில் பாரிஸ் நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சியை அறிதல் வேண்டும்.

பாக்டீரியாவின் சிக்கனம்

எஸ்செரிச்சியா கோலை என்பது குடலில் வாழும் ஒரு பாக்டீரியா. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒரு பங்கு. இதற்குக் குளுக்கோசையும், பாலில் உள்ள இலாக்டோசு என்னும் பாற்சர்க்கரையையும் ஒருங்கே உணவாக இட்டால், முதலில் குளுக்கோசை மட்டும் உண்டு பெருகும். அது தீர்ந்தவுடன் வளர்ச்சி நின்றுவிடும். சிறிது நேரம் வாளா இருந்தபின், பாற்சர்க்கரையை உண்டு மீண்டும் பெருகத் தொடங்கும். இந்த இடைநிறுத்தத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஜாக் மோனோ 1941-ஆம் ஆண்டின் தம் டாக்டர் பட்ட ஆராய்ச்சியில் விளக்கினார்.

நிறுத்தத்தின் காரணம் யாது? பாற்சர்க்கரை இரண்டு சிறிய சர்க்கரைகள் பிணைந்த ஒன்று. அப்பிணைப்பை வெட்டினாலன்றி அது உணவாகாது. வெட்டும் கத்தி, பீட்டா-காலக்டோசிடேஸ் என்னும் நொதி. என்சைம் எனவும் வழங்கப்படும் நொதிகள், உயிருடலின் இரசாயன வேலைகளை விரைவுபடுத்தும் புரதங்கள் ஆகும். இந்நொதி சிறியதன்று. 1,023 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள் நான்கு சேர்ந்தால்தான் ஒரு நொதி. இதைச் செய்வது பாக்டீரியாவுக்குப் பெருஞ் செலவு. ஆகவே பாற்சர்க்கரை இல்லாத காலத்தில் ஒரு சிலவற்றையே அது வைத்திருக்கிறது. பாற்சர்க்கரை வந்ததும் உற்பத்தி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு உயர்கிறது. வேண்டும்போது செய்து, வேண்டாதபோது நிறுத்தும் இந்தச் சிக்கனத்தை மூளையும் நரம்பும் இல்லாத ஓர் அணுவுயிர் எப்படிக் கற்றது?

சர்க்கரை வந்து 'செய்க' என்று கட்டளையிடுகிறது என்பதே முதலில் தோன்றும் விடை. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் மோனோவும், பிரான்சுவா ஜேகப்பும், அமெரிக்கரான ஆர்தர் பார்டியும் 1959-இல் வெளியிட்ட சோதனை அவ்விடையைத் தலைகீழாக்கியது. நொதி செய்யும் மரபணுவை, அதை ஆளும் திறன் இழந்த வேறொரு பாக்டீரியாவுக்குள் அவர்கள் செலுத்தினர். சர்க்கரை சிறிதும் இல்லாதிருந்தும் நொதி உடனே உண்டாயிற்று. நேரம் செல்லச் செல்ல, உடன் சென்ற மற்றொரு மரபணு எதையோ ஆக்கிச் சேர்த்தது. அது சேர்ந்ததும் நொதியின் உற்பத்தி நின்றது. அதாவது, நொதி செய்தலே இயல்பு. அதைத் தடுப்பதற்கு ஒன்று இருக்கிறது. சர்க்கரை செய்வது கட்டளையிடுதல் அன்று, தடுப்பதைத் தடுத்தலே.

இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாட்டை உணர்த்தும் என்பது தமிழ் பயில்வோர் அறிந்த நெறி. 'வாராமல் இரான்' என்றால் வருவான் என்பதே பொருள். உயிரின் இலக்கணத்திலும் இந்நெறி உண்டு என்று பாரிஸ் அறிஞர் கண்டனர். இவ்வாறு எண்ணுமாறு மோனோவைத் தூண்டியவர்களுள் லியோ சிலார்டும் ஒருவர். அணுக்கருவின் தொடர்வினையை 1933-இலேயே கருத்தளவில் கண்ட பௌதிக அறிஞர் அவர். உயிரியலுக்கு வந்து சேர்ந்தவர்.

1961-இல் ஜேகப்பும் மோனோவும் தம் கொள்கையை முழுமையாக வெளியிட்டனர். தடுக்கும் பொருளுக்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழில் 'அடக்கி' எனலாம். அது மரபணுக்களின் முன்னே உள்ள ஓரிடத்தைப் பற்றி நின்று தாழிடுகிறது. சர்க்கரை வந்து தொட்டால் தாழை விட்டு விலகுகிறது. கொள்கை அழகியது, சோதனைகள் யாவும் அதற்கு இசைந்தன. ஆனால் அடக்கியை எவரும் கண்டதில்லை. அது புரதமா, ஆர்.என்.ஏ. என்னும் அமிலமா என்பதும் தெரியவில்லை. அது ஆர்.என்.ஏ.வாக இருக்கலாம் என்ற எண்ணமே தொடக்கத்தில் மேலோங்கியிருந்தது. புகை இருந்தது, நெருப்பு இல்லை.

ஆசிரியர் மாணவரானார்

கேம்பிரிட்ஜில் கில்பர்ட்டுக்கு நண்பரானவர் ஜேம்ஸ் வாட்சன். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவைப் பிரான்சிஸ் கிரிக்குடன் 1953-இல் வெளியிட்டவர் அவரே. பிற்பாடு வாட்சனும் ஹார்வர்டுக்கு வந்தார். 1960-ஆம் ஆண்டுக் கோடையில், தம் ஆய்வுக்கூடத்தில் நடக்கும் ஒரு சோதனையை வந்து பார்க்குமாறு நண்பரை அழைத்தார். மரபணுவின் செய்தியைப் புரதம் செய்யும் இடத்துக்குக் கொண்டு செல்லும் நிலையற்ற தூது ஒன்று உண்டா என்பதே அங்கே ஆராயப்பட்ட கேள்வி. பார்க்கச் சென்ற கில்பர்ட் வேலையில் இறங்கினார். பாக்டீரியாக்களுக்குச் சில விநாடிகள் மட்டும் கதிரியக்கப் பொருளை ஊட்டி, அந்நேரத்தில் பிறந்த ஆர்.என்.ஏ.யைப் பின்தொடர்ந்தனர். விரைவில் தோன்றி விரைவில் மறையும் தூது ஆர்.என்.ஏ. உண்டென்பது தெரிந்தது. 1961-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அக்கட்டுரையின் ஆசிரியர் அறுவருள் கில்பர்ட்டும் ஒருவர்.

அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. பௌதிகம் கற்பிக்கும் பேராசிரியர், கண்ணாடிக் குழாயைப் பிடிக்கும் முறையை மாணவரைப்போல் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. பழைய துறையை அவர் உடனே துறந்துவிடவில்லை. பௌதிகம் கற்பித்துக்கொண்டே உயிரியல் சோதனைகளையும் செய்தார். ஒரே தூதின்மீது பல புரதத் தொழிற்கூடங்கள் ஒருங்கே வேலை செய்ய முடியும் என்று காட்டியவர்களுள் அவரும் ஒருவர். இவ்விரட்டை வாழ்க்கை 1964 வரை நீடித்தது.

1964: ஓர் 'இல்லை'

அவ்வாண்டில் பௌதிகத்தில் நிகழ்ந்ததை ஒரு பம்பரத்தைக் கொண்டு விளக்கலாம். நுனியில் நேராக நிற்கும் பம்பரத்துக்கு எல்லாத் திசைகளும் ஒன்றே. இதற்குச் சமச்சீர்மை என்று பெயர். பம்பரம் சாய்ந்தால் ஏதேனும் ஒரு திசையிலேதான் விழ வேண்டும். அப்போது சமச்சீர்மை மறைந்துவிடுகிறது. ஆயினும் விழுந்த பம்பரத்தைத் தரையோடு தரையாக வேறு திசைக்குத் திருப்ப உயரம் கூட்டவோ குறைக்கவோ வேண்டுவதில்லை. செலவற்ற அசைவு அது. துகள்களின் உலகில் சமச்சீர்மை இவ்வாறு மறையுமிடத்து, அச்செலவற்ற அசைவே நிறையில்லாத ஒரு துகளாக வெளிப்படும் என்று ஜெப்ரி கோல்ட்ஸ்டோன் 1961-இல் கூறினார். அடுத்த ஆண்டில் அவரும், சலாமும், ஸ்டீவன் வைன்பெர்க்கும் சேர்ந்து அதை நிறுவினர்.

இதுவே ஒரு பெரிய இடர்ப்பாடாயிற்று. கொள்கை கூறியவாறு நிறையற்ற துகள்கள் இருந்திருந்தால் அவை எப்போதோ அகப்பட்டிருக்க வேண்டும், அகப்படவில்லை. மின்கடத்தும் தடை முற்றும் நீங்கிய பொருள்களில் இவ்விதி தப்பிவிடுகிறது என்று பிலிப் ஆண்டர்சன் சுட்டிக் காட்டினார். ஆபிரகாம் கிளைனும் பெஞ்சமின் லீயும், துகள்களின் உலகிலும் தப்ப வழி இருக்கக் கூடும் என்று 1964-இன் தொடக்கத்தில் எழுதினர்.

இதற்கு மறுப்பு எழுதியவர் கில்பர்ட். ஜூன் மாதத்தில் வெளிவந்த அவருடைய சிறு கட்டுரையின் சாரம் இது: தப்புவதற்கு, விண்வெளியில் ஏதோ ஒரு சிறப்புத் திசை முன்னரே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். திண்பொருளுக்குள் அத்தகைய திசை உண்டு. ஏனெனில் அப்பொருளே ஓரிடத்தில் நிலைத்து நிற்கிறது. வெறும் வெளியிலோ, ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை எத்திசைக்கும் சிறப்புத் தருவதில்லை. ஆகவே வழி இல்லை.

வாதம் தெளிவாக இருந்தது. ஆனால் முழுமையாக இல்லை. அவ்விதழ் ஜூலையில் எடின்பரோவுக்கு வந்து சேர்ந்தது. அங்கே பீட்டர் ஹிக்ஸ் என்னும் பௌதிக விரிவுரையாளர் அதைப் படித்தார். மறுப்பின் கட்டு எந்த முடிச்சில் நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. மின்காந்தப் புலத்தைப் போன்ற புலங்களைக் கணக்கிடும்போது அத்தகைய சிறப்புத் திசை ஒன்று கணக்கில் நுழைவதுண்டு. சார்புக் கொள்கைக்கு அதனால் ஊறு நேர்வதில்லை. இவ்வுண்மையைச் சுவிங்கரின் எழுத்துக்களிலிருந்து ஹிக்ஸ் அறிந்திருந்தார். கில்பர்ட் துணைவராக இருந்து பணி செய்த அதே சுவிங்கர்! அம்மாதத்திலேயே ஹிக்ஸ் ஒரு சிறு கட்டுரையை எழுதி முடித்தார். தொடர்ந்து எழுதிய இரண்டாவது கட்டுரையில், இவ்வழியே சென்றால் நிறையுள்ள புதிய துகள் ஒன்று இருக்க வேண்டும் என்று குறித்தார்.

ஹிக்ஸ் தனியே இல்லை. பிரஸ்ஸல்ஸ் நகரில் ராபர்ட் பிரௌட்டும் பிரான்சுவா எங்லெர்ட்டும் அதே வழியைத் தாமாகவே கண்டு, அவருக்குச் சற்று முன்னரே வெளியிட்டனர். சில மாதங்களில் மூவர் அடங்கிய மற்றொரு குழுவும் அதே கருத்தை வெளியிட்டது. அம்மூவருள் ஒருவரான ஜெரால்டு குரால்னிக், ஹார்வர்டில் கில்பர்ட்டின் மாணவராக இருந்து அவ்வாண்டில்தான் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆசிரியர் அடைத்த வாயிலை மாணவர் திறந்தவர்களுள் ஒருவரானார்.

இதைக் கில்பர்ட்டின் தோல்வி என்று கூறி முடித்துவிடுதல் பொருந்தாது. ஐயத்தை மங்கலாக மனத்தில் வைத்திருந்தவர் பலர் இருந்திருக்கலாம். அதைத் தெளிவாக எழுதி, 'இன்ன காரணத்தால் இயலாது' என்று ஒருவர் அச்சில் நிறுத்தியதனால்தான், அந்தக் காரணத்தை மற்றொருவர் கையில் எடுத்துச் சோதிக்க முடிந்தது. தம் கட்டுரைக்குத் தூண்டுதலாயிருந்தது கில்பர்ட்டின் மறுப்பே என்று ஹிக்ஸ் பிற்காலத்தில் சொல்லி வந்தார். தெளிவான பிழை, குழம்பிய சரியைவிடக் கல்விக்கு நெருங்கிய நண்பன்.

பத்தே பத்து

அதே 1964-இல் கில்பர்ட்டின் பதவிப் பெயர் மாறியது. அவர் உயிர்ப்பௌதிகத் துறையின் இணைப் பேராசிரியரானார். ஒரு காணாப் பொருளைப் பற்றி எழுதி முடித்தவர், மற்றொரு காணாப் பொருளைத் தேடத் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து வந்த பென்னோ மில்லர்-ஹில் அவருடன் சேர்ந்தார்.

அடக்கியைப் பிடிப்பது ஏன் அரிது? அது தன் வேலையைச் செய்ய ஒரு சிலவே போதும். மரபணுவின் படி ஒன்றுக்கு ஏறத்தாழ பத்து அடக்கிகளே உண்டு என்று பிற்பாடு தெரியவந்தது. பாக்டீரியாவின் மொத்தப் புரதத்தில் இது ஒரு இலட்சத்தில் ஓரிரு பங்கு. மேலும், நொதியைப்போல் அது எதையும் வெட்டுவதில்லை, நிறம் மாற்றுவதில்லை. அது செய்வதெல்லாம் ஓரிடத்தில் நிற்றலும், அழைத்தால் விலகுதலும். செயலால் அறிய முடியாத ஒன்றை எதைக் கொண்டு அறிவது?

அடக்கிக்கு ஒரு குணம் கட்டாயம் இருந்தாக வேண்டும்: சர்க்கரையைப் பற்றும் குணம். அதையே தூண்டிலாக்கினர். இயற்கைச் சர்க்கரையை இட்டால் நொதி அதை வெட்டிவிடும். ஆகவே அதன் வடிவைப் போன்று, ஆனால் நொதியால் வெட்ட முடியாத ஐ.பி.டி.ஜி. என்னும் செயற்கைப் பொருளை எடுத்துக்கொண்டு, அதற்குக் கதிரியக்கக் கார்பனால் அடையாளம் இட்டனர். பாக்டீரியாவின் சாற்றை மெல்லிய சவ்வுப் பையில் நிரப்பி, அப்பொருள் கரைந்த நீரில் வைத்தனர். சிறிய மூலக்கூறுகள் சவ்வின் இருபுறமும் தடையின்றிச் செல்லும். பெரிய புரதங்கள் பையை விட்டு வெளியேறா. பைக்குள் அடக்கி இல்லையெனில் உள்ளும் புறமும் கதிரியக்கம் ஒத்திருக்கும். அடக்கி இருந்தால், அது பற்றிக்கொண்ட அளவுக்கு உள்ளே சிறிது மிகும்.

துகள்களின் மோதலை ஆராய்ந்தவருக்கு இது பழகிய சிந்தனை. உள்ளே இருப்பதைக் காண வேண்டியதில்லை. அது இருந்தால் எந்த எண் மாற வேண்டும், இல்லையெனில் எந்த எண் மாறலாகாது என்பதை முன்னரே வகுத்துவிட வேண்டும். 'இல்லை' என்று சொல்லவும் வல்ல அளவீடே 'உண்டு' என்று சொல்லும்போது நம்பத் தக்கது.

முதல் முயற்சிகளில் எண் மாறவில்லை. இயல்பான அடக்கியின் பிடி அந்த அளவீட்டுக்குப் போதுமான வலுவுடையதாக இல்லை என்று அவர்கள் எண்ணினர். ஆகவே மிகக் குறைந்த ஐ.பி.டி.ஜி.க்கே இணங்கும் மாறுபட்ட பாக்டீரியாவைத் தேடிப் பிடித்தனர். அதன் அடக்கி சற்று இறுகப் பற்றும் என்பது கருத்து. அதன் சாற்றைத் தூய்மைப்படுத்திப் பைக்குள் இட்டபோது, உள்ளே சிறிதளவு மிகுதி தென்பட்டது. அச்சிறு வேறுபாட்டை விடாது பின்பற்றி, சாற்றை மேலும் மேலும் பிரித்து, மிகுதியைப் பெருக்கினர். அடக்கி மரபணு கெட்டுச் சர்க்கரைக்கு இணங்காமற்போன பாக்டீரியாக்களின் சாற்றில் அம்மிகுதி தோன்றவில்லை. புரதங்களைச் சிதைக்கும் நொதியை இட்டால் அது மறைந்தது. ஆகவே அடக்கி ஒரு புரதம். 1966-ஆம் ஆண்டின் இறுதியில் இம்முடிவு வெளியாயிற்று. ஒரு மரபணுவை ஆளும் பொருள் உலகில் முதன்முறையாகக் கைக்கு அகப்பட்டது. ஹார்வர்டிலேயே மார்க் தாஷ்னே என்பவர் வேறொரு அடக்கியை அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பிடித்தார்.

தாழும் எழுத்தும்

சர்க்கரையைப் பற்றும் புரதம் கிடைத்தது. அது தாழிடும் பொருளே என்பதை இன்னும் காட்ட வேண்டியிருந்தது. 1967-இல் கில்பர்ட்டும் மில்லர்-ஹில்லும் அடக்கியைக் கதிரியக்கத்தால் குறியிட்டு, பாற்சர்க்கரை மரபணுக்களைத் தாங்கிய டி.என்.ஏ.யோடு கலந்து வேகமாகச் சுழற்றினர். கனமான டி.என்.ஏ. கீழிறங்கும்போது அடக்கியும் உடன் இறங்கியது. ஐ.பி.டி.ஜி.யைச் சேர்த்ததும் பிடியை விட்டது. அம்மரபணுக்கள் இல்லாத டி.என்.ஏ.யை அது பற்றவில்லை. தாழிடும் இடம் பழுதுபட்ட டி.என்.ஏ.யை நன்கு பற்றவில்லை. ஜேகப்பும் மோனோவும் காணாமல் கூறியவை ஒவ்வொன்றும் சோதனைக் குழாயில் நிகழ்ந்தன.

பின் எழுந்த கேள்வி மேலும் கூரியது. இலட்சக்கணக்கான எழுத்துக்கள் கொண்ட டி.என்.ஏ.யில் அடக்கி எந்த எழுத்துக்களைப் படித்துத் தன் இடத்தை அறிகிறது? அடக்கி பற்றியிருக்கும் பகுதியை விட்டு மற்றவற்றை நொதியால் அரித்து நீக்கி, எஞ்சிய துண்டைக் கில்பர்ட்டும் ஆலன் மாக்சாமும் ஆராய்ந்தனர். 1973-இல் அதன் எழுத்துக்களை வெளியிட்டனர். மொத்தம் 24 இணைகள். அவற்றைப் படிக்க இரண்டாண்டுகள் சென்றன. மாதம் ஓர் எழுத்து என்ற கணக்கில் ஒரு மொழியைப் படிக்கும் மாணவனின் நிலை அது.

இத்துன்பமே புதிய முறைக்கு வழி செய்தது. சோவியத் அறிஞர் ஆந்திரே மிர்சபெக்கோவ் 1975-இல் ஹார்வர்டுக்கு வந்தபோது, டி.என்.ஏ.யின் சில எழுத்துக்களை மட்டும் தாக்கும் இரசாயனத்தைக் கொண்டு அடக்கியின் பிடியை ஆராயலாம் என்ற யோசனை எழுந்தது. அதிலிருந்து கில்பர்ட்டும் மாக்சாமும், எழுத்தெழுத்தாக டி.என்.ஏ.யை வெட்டி, துண்டுகளை நீளத்தின்படி வரிசைப்படுத்திப் படிக்கும் முறையை அமைத்து 1977-இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் பிரடெரிக் சாங்கர் வேறொரு முறையை வெளியிட்டார். கையாள்வதற்கு எளிதாயிருந்த சாங்கர் முறையே பிற்பாடு பெரிதும் பரவியது. ஆயினும் நூற்றுக்கணக்கான எழுத்துக்களைச் சில நாட்களில் படிக்கும் காலம் அவ்வாண்டில் இருவராலும் பிறந்தது.

பாற்சர்க்கரை நொதியின் கதை மருத்துவத்துக்கும் வந்தது. 1978-இல் மனித இன்சுலினின் இரு சங்கிலிகளைப் பாக்டீரியாவில் செய்தபோது, அவற்றைப் பீட்டா-காலக்டோசிடேஸ் நொதியோடு பிணைத்தே செய்தனர். நொதியின் தாழ் திறந்தபோது இன்சுலினும் வெளிவந்தது. பாக்டீரியா செய்த மனித இன்சுலின் 1982-இல் நீரிழிவு நோயாளரின் கைக்கு எட்டியது.

காட்சியானவை

மின்காந்த விசையையும், கதிரியக்கத்துக்குக் காரணமான மெலிந்த விசையையும் ஒன்றாக இணைத்த கொள்கைக்காக 1979-இல் சலாமும், ஷெல்டன் கிளாஷோவும், வைன்பெர்க்கும் பௌதிக நோபெல் பரிசு பெற்றனர். அக்கொள்கை நின்றது 1964-இல் திறந்த வாயிலின் வழியேதான். மாணவர் அடைக்க முயன்ற வழியில் ஆசிரியர் நடந்து சென்றார் என்பது வரலாற்றின் விந்தை. அடுத்த ஆண்டே, 1980-இல், அம்மாணவர் இரசாயன நோபெல் பரிசு பெற்றார். பாதிப் பரிசு பால் பெர்க்குக்கும், மறுபாதி கில்பர்ட்டுக்கும் சாங்கருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

இனி இரண்டு காணாப் பொருள்களும் என்னவாயின? அடக்கி, கொள்கையாகப் பிறந்த ஐந்தாம் ஆண்டில் பிடிபட்டது. 1996-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அதன் முழு வடிவமும், அது டி.என்.ஏ.யைப் பற்றி நிற்கும் கோலமும் வெளியிடப்பட்டன. ஹிக்ஸ் துகளுக்கு நாற்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ஜெனிவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில், 2012 ஜூலை 4-ஆம் நாள் அது அகப்பட்ட செய்தி அறிவிக்கப்பட்டது. புரோட்டானைப் போல் ஏறத்தாழ 133 மடங்கு நிறை உடையது அத்துகள். 2013-இல் ஹிக்ஸும் எங்லெர்ட்டும் நோபெல் பரிசு பெற்றனர். பிரௌட் அதற்கு முன்னரே, 2011-இல், மறைந்துவிட்டார்.

ஆனால் கூர்ந்து நோக்கினால், 2012-இலும் எவரும் அத்துகளைக் கண்ணாற் கண்டாரில்லை. பிறந்த கணமே அது சிதைகிறது. சிதைந்தவற்றின் ஆற்றலைக் கூட்டிப் பார்த்து, குறித்த ஓரிடத்தில் எண்ணிக்கை சிறிது மிகுவதைக் கண்டே அது உண்டு என்று துணிந்தனர். சவ்வுப் பைக்குள் சிறிது மிகுந்த கதிரியக்கத்தைக் கண்டு அடக்கி உண்டு என்று துணிந்ததும் இவ்வாறே. கோடிக்கணக்கான மோதல்களும் ஒரு சிறு பையும் அளவில் ஒப்பற்றவை. ஆனால் இரண்டிலும் நடந்த தருக்கம் ஒன்றே.

பௌதிகம் ஓர் அறை, உயிரியல் வேறோர் அறை என்று பள்ளிக்கூடம் பிரித்து வைத்திருப்பது கற்பித்தலின் வசதிக்காகவே. அறை மாறியபோது கில்பர்ட் தம் கணிதத்தையெல்லாம் வெளியே வைத்துவிட்டே நுழைந்தார். துகள்களின் சமன்பாடு எதுவும் பாக்டீரியாவுக்கு உதவவில்லை. உடன் கொண்டு சென்றது ஒன்றே: புகையைக் கண்டபின் நெருப்பு உண்டென்று நம்பி அமர்ந்துவிடாமலும், நெருப்பைக் காணவில்லை என்று மறுத்து எழுந்துவிடாமலும், நெருப்பு இருந்தால் எது சுடும், இல்லையெனில் எது சுடாது என்று கேட்டுச் சோதிக்கும் பழக்கம். மாணவர்க்குச் சூத்திரங்களோடு சேர்த்து இப்பழக்கத்தையும் கொடுக்க முடிந்தால், அவர்கள் எந்த அறைக்குள் நுழைந்தாலும் இருட்டு அவர்களை நெடுநேரம் தடுத்து நிறுத்தாது.